அறுபது தட்டும் ஒரு சூளையும்

சுப்பையனைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. பொய் சொல்ல மாட்டான், குடிக்க மாட்டான், வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்கு வந்துவிடுவான். என் தங்கை கோகிலாவைக் கட்டியவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்வதற்கு அவளே நாளைக்கு மூன்று முறை யோசிப்பாள். ஆனால் அவனோடு ஒரு காரியத்தில் இறங்கினவர்கள் எல்லாரும் பாதி வழியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அவன் அப்பா பால்வெட்டுக்காரர். திருவிழா வந்தால் தோட்டத்து மாரியம்மனுக்குக் கரகக் குடம் செய்வதும் அவர்தான். ஜப்பான்காரன் காலத்தில் சட்டி பானைக்குத் தகரம் கிடைக்காமல் போனபோது சுப்பையன் மலாக்காவுக்கு வந்தான். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டான். பழைய செங்கல்லைப் பொறுக்கி, கொட்டகைக்குப் பின்னால் ஒரு சூளை கட்டினான். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் யாருக்குப் பொங்கல் பானை வேண்டுமென்றாலும், கார்த்திகைக்கு அகல் வேண்டுமென்றாலும், ஒரு சாவென்று கொள்ளிக்குடம் வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வருவார்கள். தமிழ் மறந்து பல தலைமுறையான பக்கத்துச் செட்டி வீட்டார் மலாயிலேயே பேரம் பேசி, கொஞ்சம் சண்டையும் பிடித்து வாங்கிப் போவார்கள்.

இந்தச் சூளைக்குத்தான் ஆபத்து வந்தது.

1957-ஆம் வருஷம் ஜூன் மாதம் டவுன் ஆபீசிலிருந்து ஒரு கடிதம். இங்கிலீஷில் இருந்ததால் கோயில் காரியதரிசி மாணிக்கவாசகம் படித்துச் சொன்னார். சூளைப் புகையால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று புகார் வந்திருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் சூளையை இடித்துவிட வேண்டும். புகார் கொடுத்தவர் பின்னால் புதிதாகக் கல்வீடு கட்டி வந்தவர். அவர் வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் எலி நிறமாகிவிட்டது. நியாயத்தைச் சொன்னால், கோயிலுக்குப் பூக்கட்டுகிறவன் நான், அம்மனுக்குக் கட்டி வைத்த மல்லிகைச் சரத்திலேயே கரி விழுந்திருக்கிறது. துடைத்துவிட்டுத்தான் சாத்தியிருக்கிறேன். அவள் மன்னிக்க வேண்டும்.

"இப்ப என்னா செய்யப்போற?" என்று சுப்பையனைக் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யப்போறதில்ல."

"சர்க்கார் இடிக்கச் சொல்லுது மச்சான்."

"எந்த சர்க்கார்? வெள்ளக்காரன் ஆகஸ்டோட போறான். செப்டம்பர்ல வேற ஆளு. அவரு வந்து சொல்லட்டும்."

வேறு ஆள் வந்தாலும் அதே மேசையில் அதே கடிதத்தை வைத்துக்கொண்டுதான் உட்காருவார் என்று எடுத்துச் சொன்னேன். அவன் களிமண்ணில் கிடந்த வேர்த்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

சூளை போனால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஒரு தடவை ரப்பர் ஆலையில் சேர்த்துவிட்டோம். பத்தொன்பதாவது நாள் திரும்பி வந்து, அங்கே எல்லாம் நாறுகிறது என்றான். கோகிலா அதை மறக்கவில்லை. "அண்ணே, சூளை போச்சுன்னா இவரு வீட்ல உக்காந்துகிட்டு என் உசுரத்தான் எடுப்பாரு. அதுக்காகவாச்சும் எதனா பண்ணுங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர்தான். டவுனில் பீங்கான் கடை வைத்திருந்த அலி அக்பர் பாய். தெங்கேராவில் குடியிருந்தார். நாலு தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம் செய்கிற குடும்பம். டவுன் ஆபீஸ் தலைவர் முதல் மீன்காரன் வரை அவருக்கு சலாம் சொல்லாதவர்கள் இல்லை. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். பாய் கடையின் நடுவில் நின்றுகொண்டு கேட்டார். சுற்றிலும் ரோஜாப்பூப் போட்ட தட்டுகள் அடுக்கியிருந்தன. கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லையா, உன்னைய அந்த ஆண்டவன்தான் அனுப்பியிருக்கான்" என்றார்.

சங்கதி இதுதான். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர தினத்துக்கு மறுநாள், செப்டம்பர் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத் திடலில் பழைய மலாக்காவை அப்படியே நடித்துக் காட்டப் போகிறார்கள். சுல்தான், பிரபுக்கள், கப்பலில் வந்த சீனத் தூதர் எல்லாம் உண்டு. தூதருக்கு அரண்மனையில் விருந்து வைக்கும் காட்சி பாயின் பொறுப்பு. அறுபது பேர் உட்கார்ந்து உண்மையாகவே சாப்பிடுவார்கள். உடுப்பு தயார், உட்காரக் கோரைப்பாய் தயார், சோறும் தயாராகிவிடும். தட்டுதான் இல்லை.

"என் கடையில ஆயிரம் தட்டு இருக்கு. என்னா பிரயோசனம்? ரோஜாப்பூப் பீங்கான் மங்குல சுல்தான் சோறு தின்னா ஜனம் சிரிக்கும்" என்றார்.

பிறகு உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். மண்தட்டு, பாதிக்கு மேல் இல்லை. தெங்கேரா வீட்டில் கிணறு தோண்டும்போது அகப்பட்டதாம். எந்தக் காலத்தது என்று அவருக்கும் தெரியாது. பழசுதான் என்று ஒரு வாத்தியார் சொல்லியிருக்கிறார். பாய்க்கு அது போதும். "இதே மாதிரி அறுபது. அச்சு அசலா இதே மாதிரி. நல்லா வந்துச்சுன்னா டவுன் ஆபீஸ் தலைவர் துவான் முன்வரிசையில உக்காந்திருப்பாரு பாரு, அவர்கிட்ட உன் மச்சானக் கூட்டிட்டுப் போய் நிறுத்துறேன். சூளையப் பத்தி நான் பேசுறேன். அவன் வாயத் தொறக்க வேணாம்."

வாயைத் திறக்க வேண்டாம் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

அன்றைக்கே பாயைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். சுப்பையன் அந்த உடைந்த தட்டைக் கையில் வாங்கினான். முகர்ந்தான். நகத்தால் சுரண்டினான். நாக்கில் வைத்தான். பாய் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"செஞ்சிரலாம்" என்றான். அவன் சுலபமாகச் சொன்னால் சுலபமாக இருக்காது.

முதல் வாரம் செய்த தட்டுக்கு அடி உருண்டையாக இருந்தது. அவன் ஆயுசில் செய்ததெல்லாம் அடுப்பில் உட்காரும் பாத்திரம். அதற்கு உருண்டை அடிதான் வேண்டும். அந்தப் பழைய தட்டுக்கோ அடியில் மோதிரம்போல ஒரு வட்டக் கால் இருந்தது. சுப்பையன் அதை விட்டுவிட்டான். பாய் வந்து தட்டைத் தரையில் வைத்தார். அது தலையாட்டியது. ஒரு கை சோறு போட்டார். அது சாய்ந்து சோற்றைத் தரையில் கொட்டியது.

"கால் எங்கப்பா?"

"தட்டுக்கு என்னாத்துக்கு பாய் காலு? நடக்கவா போவுது?"

"பழசுல இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப வை."

வைத்தான். ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்து, மண்திரி உருட்டி, ஒட்டி, விரலால் வழித்து. கால் ஒட்டின தட்டில் பாதி காயும்போது விட்டுக்கொண்டது. அதற்கு ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒன்று சரியாக வந்தது. விளிம்பு, கால், செம்மண் பூச்சு எல்லாம் அப்படியே. பாய் பழைய உடைந்த தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இங்க ஒரு பள்ளம் இருக்கே, அது காணோமே?"

பழைய தட்டின் விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் அழுத்தின ஒரு சின்னக் குழி. சுப்பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். "அது அவன் கை தவறுனது பாய். ஈரத்துல தூக்கியிருக்கான். நான் தவறாம செஞ்சிருக்கேன்."

"அச்சு அசலா வேணும்னு சொன்னேன்ல?"

"அவன் ஒரு வாட்டி தவறுனதுக்கு நான் அறுபது வாட்டி தவறணுமா?"

அரை மணி நேரம் இதற்குப் போயிற்று. பாய் சத்தம் போடுகிறவர் இல்லை, சுப்பையனும் இல்லை. இரண்டு பேரும் மெதுவாகவே பேசினார்கள், அதுதான் எனக்குத் தலையிடி. கடைசியில் கோகிலா உள்ளேயிருந்து, "சூளை வேணுமா வேணாமா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். சுப்பையன் கட்டைவிரலைத் தட்டில் வைத்து அழுத்தினான். ஒவ்வொரு தடவையும், "மன்னிச்சுக்கடா அப்பா" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான். யாரிடம் மன்னிப்புக் கேட்டான் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அறுபதும் வெந்து இறங்கின. நான் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒத்திகை. தட்டுகளை வைக்கோலில் அடுக்கி லோரியில் கொண்டுபோனோம், நானும் அவனும். நடந்தும் உட்கார்ந்தும் பழகுவதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போய்ப் பார்த்தால் பாய் இரண்டு தேக்சா நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். தரையில் உட்கார்ந்து மண்தட்டில் அழகாகச் சாப்பிடத் தெரிய வேண்டுமாம், அன்றைக்கு வந்து தடுமாறக் கூடாதாம். பிரபுக்கள் அறுபது பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள். சீனத் தூதர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். சாயங்காலத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று பாய் கிளம்பிப் போனார். பிரபுக்களும் கை கழுவிக்கொண்டு போனார்கள்.

சுப்பையனும் நானும் நின்றோம். அறுபது எச்சில் தட்டு எங்கள் முன்னால் கிடந்தது.

எங்கள் ஆட்களிடம் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பித்தளை எச்சிலானால் புளிபோட்டுத் தேய்க்கலாம். தகரத் தட்டைச் சாம்பல் போட்டுக் கழுவலாம். மண் அப்படியில்லை. மண் குடித்துவிடும். ஒருவர் வாய்வைத்த மண்ணில் இன்னொருவர் சாப்பிடக் கூடாது. வீட்டில் ஒரு தீட்டு என்றால் முதலில் வெளியே போய் உடைவது மண்சட்டிதான். எச்சில் மண்ணை முழுசாக விட்டுவிட்டு வருவது பெரிய பாவம். தெரியாமல் யாராவது எடுத்துப் புழங்கிவிடுவார்கள்.

"விருந்து அன்னிக்கு என்னாத்துல சாப்புடுவாங்க?" என்று நான் கேட்டதுண்டு. கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"பாய் பீங்கான் கடையே வச்சிருக்காரு. பாத்திரத்தப் பத்தி அவருக்குத் தெரியாததா? யோசிக்காமலா சோறு போட்டாரு?" என்றான் சுப்பையன்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவனுக்குத்தான் அப்படி ஒரு புத்தி, எனக்கு எங்கே போயிற்று? பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அதன் விளிம்புக் கல்லில் அடித்தோம். அவன் நாற்பது, நான் இருபது. மண்ணைத் தள்ளி மூடி, கைகால் கழுவி, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை பாய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல சட்டை போட்டிருந்தார்.

"தட்டெல்லாம் பத்திரமா வச்சியா? பள்ளிக்கூடத்துல காணோமே."

"ஒடச்சாச்சு பாய்" என்றான் சுப்பையன்.

பாய் சிரித்தார். விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டார். "எங்க வச்ச, சொல்லு."

"பள்ளத்துல. மேல மண்ணும் தள்ளிட்டோம். நல்லையா மச்சானும் கூட இருந்தாரு."

அந்த இடத்தில் என் பேரை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

அவர் அங்கேயே களிமண் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார், இடுப்பில் கட்டின நல்ல சாரத்தோடு.

"ஏன்?" என்று கேட்டார்.

சுப்பையன் எடுத்துச் சொன்னான். மண் குடித்துவிடும், கழுவினாலும் மேலே உள்ளதுதான் போகும், எச்சிலை முழுசாக விடக் கூடாது. பாய் முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்ல கழுவி அடுக்கி வைப்போம் தம்பி. எங்க பாட்டன் காலத்துலேருந்து கழுவித்தான் அடுக்கி வைக்கிறோம். தட்டுன்னா கழுவுறதுதானே?"

"உங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன்."

"உனக்குத் தெரியும்னுல நான் நெனச்சேன்."

கோகிலா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேருக்கும் வைத்துவிட்டு, புருஷனுக்கு வைத்ததை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

பாய் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். சூளையும் முடிந்திருக்கும். ஆனால் அவருக்கும் வேறு வழி இல்லை. விருந்துக்கு ஏழு நாள் இருந்தது. "மறுபடி செய்ய முடியுமா, முடியாதா?" என்றார்.

"மண்ணு இருக்கு. கை இருக்கு. காயணுமே பாய். பதமாக் காயப் பத்து நாளு வேணும். மத்தியானமானா மழ வேற பெய்யுது. காயாம சூளையில வச்சா வெடிச்சுரும்."

பாய் யோசித்தார். அவர் மச்சினன் ரஹீம் தெங்கேராவில் ரொட்டி சுடுகிறவர். விடியற்காலையில் ரொட்டி எடுத்த பிறகு அடுப்பு நாள் முழுக்கச் சும்மா சூடாகக் கிடக்கும். அதில் வைத்தால் என்ன?

இப்படித்தான் எங்கள் தட்டுகள் ரொட்டியடுப்பில் காய்ந்தன. சுப்பையன் ஞாயிறும் திங்களும் சக்கரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுபது தட்டு வனைந்தான். செவ்வாய்க்கிழமை கால் ஒட்டினான். கட்டைவிரல் குழி வைப்பதற்கு இந்தத் தடவை ஒரு பேச்சும் பேசவில்லை. புதன் காலையிலிருந்து நான் ரொட்டித் தட்டுகளில் மண்தட்டுகளை அடுக்கி ஒரு வாடகைச் சைக்கிளில் தெங்கேராவுக்கு மிதித்தேன். பாதையிலுள்ள ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தேவாரம் சொன்னேன். அடுப்பு வாயில் கைவிட்டுப் பார்த்து, "இன்னும் சூடு, கொஞ்சம் பொறு" என்று ரஹீம் சொல்ல, "ஆறிப்போச்சு, வை" என்று சுப்பையன் சொல்ல, நடுவில் நான். பதினொன்று விரிசல்விட்டுப் போயிற்று. அந்த வாரம் தெங்கேராவில் ரொட்டி தின்றவர்கள் பல்லில் மண் நறநறத்தது என்று ரஹீமிடம் வந்து சண்டை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சூளை மூட்டினோம். புகையைச் சொல்ல வேண்டியதில்லை. கல்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று கடிதத்தைப் போல ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார். சுப்பையன் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு இன்னும் இரண்டு கட்டை சொருகினான்.

மறுநாள் சனிக்கிழமை. நாடு சுதந்திரமடைந்த நாள். ஊரெல்லாம் கொடி, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக டவுனுக்கு நடந்துபோனார்கள். கோகிலா புதுச் சேலை கட்டிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டாள். நானும் அவனும் சூளைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். சூட்டோடு திறந்தால் வெடித்துவிடும், அதனால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். "சுதந்திரம் வந்துருச்சாம் மச்சான், சத்தம் கேக்குது" என்றேன். "தொறக்காத, இன்னும் சுடுது" என்றான்.

திறந்தபோது ஒன்பது உடைந்திருந்தது. நல்லதாக ஐம்பது கிடைத்தது. பின்வரிசைப் பிரபுக்கள் பத்துப் பேருக்கு வாழை இலை போட்டுக்கொள்ளலாம் என்று பாய் மனசைத் தேற்றிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். நாளைக்குத் துவான் கையால தொட்டுப் பாக்குற வரைக்கும் எதையும் ஒடைக்காத" என்று சுப்பையன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சாப்புடுற வரைக்கும் ஒடைக்க மாட்டேன்" என்றான்.

விருந்துக் காட்சி நன்றாகத்தான் நடந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. சிவப்பு மண்தட்டு வரிசையாக, வெயிலில், பட்டுச் சட்டைக்காரர்கள் முன்னால். ஜனங்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் டவுன் ஆபீஸ் துவான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தட்டைக் காட்டி ஏதோ கேட்டதை நான் பார்த்தேன். பாயும் பார்த்தார். காட்சி முடிந்ததும் சுப்பையனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நேரே அவரிடம் போனார். நான் பின்னால் போனேன். துவான் அதற்குள் மேடைக்கு வந்து ஒரு தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான மலாய்க்காரர், மென்மையான பேச்சு.

"அழகாக இருக்கிறது. இந்தக் குழிகூடப் பழைய காலத்து வேலைபோல் இருக்கிறது" என்று மலாயில் சொன்னார். சுப்பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். "இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா? ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம்."

பாயின் முகத்தில் விளக்கேற்றினது போலிருந்தது. ஒன்றரை மாதப் பாடு அந்த ஒரு வாக்கியத்தில் பலித்துவிட்டது. சூளையைப் பற்றி ஆரம்பிக்க அவர் வாயைத் திறந்தார். அதற்குள் சுப்பையன் கையை நீட்டித் துவான் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான்.

"இது சாப்புட்ட தட்டு துவான். குடுக்க முடியாது" என்றான். அவன் மலாய் பாசார்ச் சந்தையில் கற்றது, மரியாதையெல்லாம் அதில் சேராது.

பாய் அவன் காலை மிதித்தார். நானும் மிதித்தேன். அவன் இரண்டு காலையும் இழுத்துக்கொண்டான்.

"கழுவினால் போகாதா?" என்றார் துவான்.

"மண்ணு குடிச்சுரும். ஒருத்தரு எச்சில உங்க ஆபீஸ்ல கண்ணாடிக்குள்ள வைக்கிறது தப்பு. புதுசு செஞ்சு தர்றேன்."

"எப்போது?"

"சூளை இருந்தா பதினஞ்சு நாளு."

"சூளைக்கு என்ன?"

"நீங்கதான் இடிக்கச் சொல்லிக் கடுதாசி போட்டிருக்கீங்க."

பாய் கண்ணை மூடிக்கொண்டார். ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்தில் பேசுவதுபோல ஒரு பேச்சு அவர் தயார்செய்து வைத்திருந்தார். எனக்குச் சொல்லிக்கூடக் காட்டினார். அதைச் சொல்ல இடமே இல்லாமல் போயிற்று. துவான் சுப்பையனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தட்டைக் கொண்டு வா, அப்போது பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முதுகு மறைந்ததும் சுப்பையன் ஐம்பது தட்டையும் கூடையில் அடுக்கினான். எங்கே கொண்டுபோனான் என்று சொல்ல வேண்டாம். இந்தத் தடவை நான் கூடப் போகவில்லை.

அதற்கப்புறம் எல்லாரும் அவனுக்கு ஒரே புத்திதான் சொன்னோம்: இழு. பாய் சொன்னார், "மண்ணு சரியில்லன்னு ஆறு மாசம் இழு தம்பி. தட்டு வர்ற வரைக்கும் சூளைய யாரும் தொட மாட்டான்." மாணிக்கவாசகமும் அதையே சொன்னார். கோகிலா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பதினஞ்சுன்னு சொல்லிட்டேனே" என்றான்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, புதுத்தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். தனியாக விட்டால் என்ன பேசுவானோ என்று நானும் போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். புகை எவ்வளவு வரும் என்று கேட்டால் கொஞ்சம் என்று சொல்லு. அது பொய் இல்லை, கொஞ்சம் என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. அவன் தலையாட்டினான்.

துவான் தட்டை வாங்கி அலமாரியில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே மேசை, அதே கடிதம். நான் ஜூன் மாதமே சொன்னேன்.

"புகை அதிகமாக வருமா?"

"நெறைய வரும் துவான். வெறகு பச்சையா இருந்தா இன்னும் நெறைய."

நான் சுவரைப் பார்த்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் துணி கறுக்கிறது என்று எழுதியிருக்கிறார்."

"அது நெசந்தான். பாவம், அவரு வேட்டி எல்லாம் போச்சு."

துவான் பேனாவை மூடி வைத்தார். இவ்வளவு வருஷ உத்தியோகத்தில் குற்றத்தை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டவன் அவரிடம் வந்திருக்க மாட்டான். பிறகு எழுந்து சுவரில் தொங்கின வரைபடத்தில் காஜா பேராங்கைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை வைத்தார். கடிதத்தை மாற்ற முடியாது, இருக்கிற இடத்தில் சூளை இருக்கக் கூடாது என்றார். கோயில் நிலத்துக்குப் பின்னால், பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல். அங்கே கட்டிக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை மட்டும். மூட்டுவதற்கு முதல்நாள் அந்தக் கல்வீட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் துணியை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

சூளை பிழைத்தது என்று நான் கண்ணில் நீரோடு வெளியே வந்தேன். சுப்பையன் படியிறங்கும்போதே, "சாக்கடப் பக்கம் ஈரமா இருக்குமே, அடித்தளம் ஒசத்தணும்" என்று ஆரம்பித்துவிட்டான்.

பழைய சூளையைப் பிரித்து, கல்லைச் சாக்கடைக்கு அப்பால் சுமக்க ஐந்து நாள் ஆயிற்று. பூக்கட்டும் கையால் செங்கல் சுமந்தவன் காஜா பேராங்கில் நான் ஒருவன்தான். என் நகத்தில் கரி ஏறிவிட்டதால் வெள்ளிக்கிழமைச் சரத்தைக் கோகிலாதான் கட்டினாள். முதல் மூன்று வரிசையை நானே நூல்பிடித்து அடுக்கினேன். நேராகத்தான் இருந்தது. அவன் குனிந்து பார்த்தான், எழுந்து காற்றைப் பார்த்தான், சாக்கடையைப் பார்த்தான்.

"வாய் கெழக்கப் பாத்து இருக்கணும் மச்சான். இப்புடி வச்சா பொகை திரும்பவும் அந்த வீட்டுக்குத்தான் போகும்."

"அதை மொதக் கல்லு வைக்கிறப்ப சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

மூன்று வரிசையையும் அவனே எடுத்து ஒரு பக்கமாக அடுக்கினான். நான் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு முதல் கல்லை மறுபடி தூக்கினேன். "கொஞ்சம் இடப்பக்கம்" என்றான்.